அண்ணிக்குக் கருவாடு பிடிக்காது

என் பிரியமான அண்ணிக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போனவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். இருக்கட்டும், நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். எதைத்தான் பொறுக்கவில்லை?

பதினாறாம் நாள் படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டுமே என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. களி, கருவாட்டுக் குழம்பு, மொச்சைக்கொட்டை, வெற்றிலை என்று மளமளவென்று சொன்னார். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். நானே குழம்பு வைத்து, உங்கள் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினேன். தனக்கென்று ஓர் ஆசையும் இல்லாத மகராசி என்று பெரியப்பா உங்களைப் புகழ்ந்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டியவளும் நான்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரத்னம்மா வந்தாள். உங்களோடு மாரண்டஹள்ளித் தோட்டத்தில் தக்காளி பறிப்பாளே, வீட்டில் கன்னடம் பேசுகிறவள். இலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா கருவாடு திங்க மாட்டாங்களே. கொழம்பு கொதிச்சாலே கொமட்டுதுன்னு எங்க வூட்டுப் பக்கம் வந்து நிப்பாங்க. கொய்யாக்காய மொளகா உப்புல தொட்டுத் தின்னாத்தான் அவங்களுக்கு உசுரு வரும்.”

அந்த இலையில் இருந்தது அத்தனையும் அண்ணனுக்குப் பிடித்தது. இருபத்தெட்டு வருஷம் அதையே சமைத்தீர்கள், அதனால் அது உங்களுக்கும் பிடித்தது என்று ஒரு குடும்பமே நம்பியிருக்கிறது.

ரத்னம்மா இன்னொன்றும் சொன்னாள். அவளிடம் கன்னட எழுத்து கற்றுக்கொண்டீர்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, எதற்கும் இல்லை, ஆசையாக இருக்கிறது என்றீர்களாம். பெங்களூர் போகும்போது கடை போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்து அவளிடம் ஒப்பிப்பீர்களாம்.

சித்தி மகன் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனோமே, பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உங்கள் உதடு அசைந்துகொண்டே வந்தது. ஏதோ மந்திரம் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். எங்கள் அண்ணிக்கு எப்போதும் சாமி நினைப்புதான் என்று மண்டபம் முழுக்கப் பெருமையடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். ஏன் சொல்லவில்லை? நான் கேலி பண்ணுவேன் என்றா? பண்ணியிருப்பேன். அதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ரத்னம்மா சொன்னதைக் கேட்டுப் படையல் இலைக்கு முன்னால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “எங்கிட்ட சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார்.

“நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களாண்ணா?”

அத்தனை பேர் நடுவில் அப்படிக் கேட்டது தப்பாம். பெரியப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆசையே இல்லாதவள் என்பது யாருக்கு வசதியான பாராட்டு, அண்ணி? ஆசையைத் துறந்தவர்களை ஞானி என்கிறோம், சரி. ஆனால் துறப்பதற்கு முதலில் அது தன் கையில் இருக்க வேண்டாமா? உங்கள் ஆசையை நீங்கள் துறக்கவில்லை. எங்களுக்குப் பயந்து பக்கத்து வீட்டில் வைத்திருந்தீர்கள். அதற்குத்தான் உங்கள் மேலும் கோபம்.

இந்தக் கோபத்தோடு பென்னாகரத்தில் என் வீட்டுக்குத் திரும்பினால், என் மகள் சும்மா இருக்காமல் கேட்டாள்: “உனக்கு என்னம்மா புடிக்கும்?” வாயைத் திறந்தேன். அவள் அப்பாவுக்குப் பிடித்தது வந்தது, அவளுக்குப் பிடித்தது வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நீங்களாவது தெரிந்து மறைத்தீர்கள். எனக்கு மறைக்கக்கூட ஒன்றும் இல்லையா?

ரத்னம்மாவிடம் போய் நானும் கன்னடம் படிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது உங்கள் ஆசை. அதை எடுத்து என் இலையில் வைத்துக்கொண்டால், அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இதுவரை ஒன்றே ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு டீ பிடிக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தினம் இரண்டு வேளை குடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வேண்டாம் என்றேன். உடம்பு சரியில்லையா என்று வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வருஷப் படையலில் உங்கள் இலையில் கொய்யாக்காயும் மிளகாய் உப்பும் இருக்கும். யார் முறைத்தாலும் கருவாடு இருக்காது. எனக்கென்று ஒரு நாள் இலை போடும்போது, என்ன வைப்பது என்று எந்த ஆம்பளையிடமும் யாரும் கேட்க வேண்டியிருக்காது. அதற்குள் நானே வாய் திறந்து சொல்லியிருப்பேன். இது சத்தியம், அண்ணி.

பஸ்ஸில் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் உங்களைப் பார்க்காத,
உங்கள் நாத்தனார்
சாந்தி