விரலுக்கேற்ற டேங்க்

மார்ச் 4, செவ்வாய்

பிசியோதெரபி முடிந்து வரும் வழியில் இன்றும் அந்தக் கடை ஜன்னல் முன்னால் நின்றுவிட்டேன். விளையாட்டுச் சாமான் கடை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளே இருப்பதெல்லாம் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்ட கப்பல், விமானம், டேங்க். வாங்கி நாமே ஒட்டிச் செய்ய வேண்டும். நடு அடுக்கில் மூன்று டேங்க் பெட்டிகள், மேலே படத்தோடு. ஒன்று மணல் மேட்டில் ஏறுகிறது. ஒன்று பனியில் நிற்கிறது. மூன்றாவது ஒரு சின்ன ஆற்றைக் கடக்கிறது. மேல் மூடியைத் திறந்து ஒருவன் தூரத்தில் எதையோ பார்க்கிறான். அவன் எதைப் பார்க்கிறான் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ் போய்விட்டது.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் போன வாரம் சொன்னாள்: "ரப்பர் பந்தையே அமுக்கிட்டு இருந்தா போர் அடிக்கும் சார். வீட்ல ஏதாவது பொடி வேலையா எடுத்துச் செய்யுங்க." பொடி வேலை. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் இருபத்திரண்டு வருடம் மெழுகில் பல் செதுக்கியவனிடம் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாது, பாவம்.

மார்ச் 6, வியாழன்

மறுபடி போனேன். வாங்கவில்லை. மணலா, பனியா, ஆறா?

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் படுத்தபடியே கணக்குப் போட்டேன். ஆற்று டேங்க் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பனி டேங்க் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. முதலாவதில் ஏற வேண்டுமென்றால் என் உயரம் நான்கே முக்கால் சென்டிமீட்டராக வேண்டும். இரண்டாவதற்கு இன்னும் பாதி; ஒரு பாட்டில் மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

நான்கே முக்கால் சென்டிமீட்டர் ஆளாகப் போர்வையைப் பார்த்தேன். முழங்கால் ஒரு மலை. மடிப்புகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு. ஜன்னல் வெயில் மலையின் ஒரு பக்கத்தில் மட்டும். டேங்க் மெதுவாக ஏறியது, சத்தமே இல்லாமல். நான் மேல் மூடியைத் திறந்து நின்றுகொண்டு வந்தேன். யாரையும் சுடவில்லை. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அளவில் கட்டைவிரல் தழும்பு கண்ணுக்கே தெரியாது.

துணி மடிக்க வந்த மனைவி போர்வையை உதறினாள். நிலநடுக்கம்.

மார்ச் 12, புதன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதில் இதை முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சம். ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னேன்.

"டேங்க் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றாள்.

எனக்கு ஆச்சரியம். "பச்சையா, சாம்பலா, மணல் கலரான்னுதான் யோசனை."

"கறுப்பே வாங்குங்க. பாசி பிடிக்காது."

பாசியா? அலமாரி ஈரத்தைச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். "பெருசா, சின்னதா?"

"நாம ரெண்டு பேருதானே, ரொம்பப் பெருசு எதுக்கு? ஆனா மூடியத் தொறந்தா உள்ள ஒரு ஆள் இறங்குற மாதிரி இருக்கணும்."

என் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவளோடு இவ்வளவு ஒத்துப்போனதாக ஞாபகம் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் வாசலில் ஒரு லோடு வண்டி. மச்சினன் இறங்கினான். மனைவியின் தம்பி, குழாய் வேலை செய்பவன். "மாமா, ஐநூறு லிட்டர், கறுப்பு. அக்கா சொன்ன மாதிரியே," என்றான். வண்டியில் தண்ணீர்த் தொட்டி, மூடியோடு.

நான் சொன்னது வேறு டேங்க் என்று விளக்க வேண்டியதாயிற்று. சண்டை டேங்க். பிளாஸ்டிக். ஒட்டுவது. மச்சினன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியாமல் வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான். "பரவால்ல மாமா, இதுலயே முன்னாடி ஒரு குழாய நீட்டி விட்டுர்றேன். அதுவும் ஆச்சு, இதுவும் ஆச்சு." தொட்டி மாடிக்குப் போயிற்று. பழையது நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்ததாம்.

மனைவி சிரிக்கவில்லை. அவன் போன பிறகு, "இதுக்குத்தான் ரெண்டு வாரமா கூரையப் பாத்துட்டுக் கெடந்தீங்களா? வேலைய நெனச்சுக் கவலைப்படுறீங்கன்னு நானும் வாயத் தொறக்காம இருந்தேன்," என்றாள்.

என்னத்தைச் சொல்ல. ரெண்டும் ஒண்ணுதான்டி. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

லேப் முதலாளி போன் செய்தார். "மாஸ்டர், அடுத்த மாசம் ஏழாம் தேதி வந்துருவீங்கல்ல? டாக்டருங்க எல்லாம் உங்க கையத்தான் கேக்குறாங்க." என் மேசையில் இப்போது வேறு லேபிலிருந்து வந்த ஒரு அம்மாள் உட்கார்கிறாராம். நான் போனதும் அவரை அனுப்பிவிடுவாராம். வந்துருவேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 20, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். லேபில் அறுக்கும் சக்கரம் பட்டுக் கட்டைவிரல் தசைநார் அறுந்து ஒன்பது வாரம் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. கையில் பேனா நிற்கிறது, டம்ளர் நிற்கிறது. மெலிசாக எதைப் பிடித்தாலும் விரல் தன் பாட்டுக்கு விலகிக்கொள்கிறது — என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. மெழுகுக் கத்தியை வீட்டில் ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துபோகும். டேங்க் வாங்கினாலும் தெரிந்துபோகும். பெட்டி கடையில் இருக்கிற வரைக்கும் என் கை நல்ல கை.

மணலா பனியாவாம். முடிவு பண்ண முடியலையாம். யாரை ஏமாத்துறேன்? ஊருக்கு என்ன வந்துச்சு. என்னையேதான்.

மார்ச் 22, சனி

"டேங்க்னு சொல்லிட்டு என்னத்த வாங்கிட்டு வருவீங்களோ," என்று மனைவியும் கூட வந்தாள்.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். விரலெல்லாம் காய்ந்த பசை. நான் ஆற்றைக் கடக்கும் டேங்கைக் கேட்டேன். உள்ளே இஞ்சின், இருக்கைகள், குண்டு அடுக்கும் தட்டு வரை எல்லாம் உண்டு. ஆயிரத்து நானூறு பாகங்கள். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினை மட்டும் இருநூறு கண்ணியாகக் கோக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே தெரியும். அந்த உள்ளேதான் இத்தனை நாள் குடியிருந்தேன்.

"மொத தடவையா ஒட்டப் போறீங்க சார்? அப்ப இது வேணாம். ஆசையா வாங்கிட்டுப் போயி பாதியில பரண்ல ஏத்திடுவாங்க."

"எனக்குப் பொடி வேலை பழக்கம்தான்," என்றேன்.

மனைவி என் கையைப் பார்த்தாள். "விரலுக்கேத்த வீக்கம் போதுங்க," என்றாள் மெதுவாக. எப்போதும் சொல்கிற பழமொழிதான். புதுப் புடவைக்கும் சொல்வாள், பக்கத்து வீட்டுக் காருக்கும் சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"கட்டைவிரல்ல அடி. சின்னதா எதையும் பிடிக்க முடியல," என்று கடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "அப்ப சின்ன டேங்கும் வேணாம். டேங்க் சின்னதானா பாகம் இன்னும் பொடியாயிடும்," என்று கீழ் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். முப்பத்தைந்தில் ஒரு பங்கு, நூற்றுச் சொச்சம் பாகங்கள், பெரிய சக்கரங்கள், செயின் ஒரே பட்டை. படத்தில் டேங்க் ஒரு மரத்தடியில் சும்மா நிற்கிறது. அதையே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து சக்கரங்களை வெட்டி எடுத்து அரம் போட்டேன். வெட்டின இடத்தில் சின்ன முள் மாதிரி நிற்கும்; அது போகும்வரை தேய்க்க வேண்டும். பல்லுக்கும் இதே வேலைதான். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மார்ச் 29, சனி

அடிப்பாகம் முடிந்தது. தள்ளினால் ஓடுகிறது. போர்வை மேலும் ஓட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முன்பக்கத்தில் ஒரு இழுவைக் கொக்கி. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. ஏழு தடவை விழுந்தது. எட்டாவது தடவை விழுந்தபோது நான் குனியவில்லை. அவ்ளோதான். முடியாது. இந்தக் கையால இனிமே பல் செதுக்க முடியாது.

மனைவி தரையில் தேடி எடுத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து ஒட்டினாள். கோணல். "சரியா இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "பசை கண்ணுல பட்டுடப் போகுது. கையக் கழுவிட்டு வந்து அழுங்க," என்றாள்.

ஏப்ரல் 5, சனி

பெயின்ட் வாங்கப் போனேன். பச்சை மட்டும் ஒன்பது புட்டி. நான் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்பெனிதான் வேற," என்றார் கடைக்காரப் பெண். ஒன்றில்லை. ஒன்றில் துளி மஞ்சள் கூடுதல். வெள்ளைத் தாளில் இரண்டையும் தடவிக் காயவிட்டுக் காட்டினேன். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். "இவ்ளோ நாள் வித்துட்டு இருக்கேன்," என்றார்.

பிரஷ்ஷின் பிடி பருமன், விரல் விலகவில்லை. மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பூசினேன். இலை நிழல் விழுந்த இடத்துப் பச்சை, வெயில் பட்ட இடத்துப் பச்சை. பூசிக்கொண்டே இருந்தபோது லேபுக்குத் திரும்பி வருகிற பற்களின் நினைப்பு வந்தது. செதுக்கியது சரியாக இருக்கும்; நிறம் பக்கத்துப் பல்லோடு சேராது. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதி அனுப்பியிருப்பார், நாங்களும் அதை நம்பிச் செய்திருப்போம். யாரும் நேரில் போய் வாயைப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

லேபுக்குப் போனேன். அந்த அம்மாள் என் மேசையைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தட்டில் அவர் செதுக்கிய கடைவாய்ப் பல் ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

"அவங்களையே உக்காரச் சொல்லுங்க," என்றேன் முதலாளியிடம். "எனக்கு இனிமே செதுக்க வராது. கலர் பாக்குற வேலையக் குடுங்க. கிளினிக்குக்கே போயி வாயப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

முதலாளி அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் மாஸ்டர்," என்றார். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

மே 12, திங்கள்

முதலாளி கலர் பார்க்கும் வேலையைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. கிளினிக்கில் ஒரு பஸ் டிரைவர். முன்பல் உடைந்தவர். பத்து நாளைக்கு முன்னால் நிறம் பார்க்கப் போனபோது வாயைக் கையால் மூடிக்கொண்டேதான் பேசினார். அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு வெள்ளைக்கு நடுவில் ஒரு வெள்ளை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மாள் செதுக்கினார். இன்று டாக்டர் பொருத்தும்போது நானும் பக்கத்தில் நின்றேன். இருபத்திரண்டு வருடம் பல் செய்தும், ஒன்றைக்கூட ஒருவர் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

டிரைவர் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கம்போல வாய்க்குப் போன கையைப் பாதியில் இறக்கிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இதுல எது சார் புதுசு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். சட்டென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.