மைனியின் மண் அலமாரி

என் மைனிக்கு,

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து, கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூட உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. அடுத்தடுத்த வகுப்பில் பாடம் நடத்தி, ஒரே டப்பாவில் மத்தியானச் சோறு தின்ற நமக்குக் கடிதம் எதற்கு? இப்போது வேறு வழியில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசி பஸ்ஸெல்லாம் ஈரத் துண்டு வாடை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் இரண்டாம் வகுப்பு இப்போது என்னிடம். கூடவே கல்லும் மண்ணுமாக நீங்கள் சேர்த்துவைத்த சன்னலோரத்து மண் அலமாரியும். ஸ்டாஃப் ரூமில் "நாத்தனாருக்குச் சீதனம்" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நீங்கள் நடத்தியபடியேதான் நடத்துகிறேன். முதலில் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஆற்றில் எடுத்த வழுவழுக் கல்லையும், ரோட்டோரம் லாரியிலிருந்து சிந்திய ஜல்லியையும் கையில் கொடுத்து, எது ரொம்பத் தூரம் உருண்டு வந்தது என்று கேட்கிறேன். அப்புறம் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் அவரவர் வீட்டு மண். வீரகேரளம்புதூர் வேனில் வருகிற பிள்ளைகள் கரிசல் கொண்டுவந்தார்கள், புளியறைக்காரன் செம்மண். பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் உட்காரும், களிமண் கடைசியில். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் அந்தப் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிறார்கள்.

இதில்தான் வம்பு வந்தது. இசக்கி என்ற பிள்ளை சிரட்டைக்குப் பதில் காகிதப் பொட்டலம் கொண்டுவந்தாள். உள்ளே பொடி மண். நல்ல மண்ணாக இருக்கிறதே என்று பாட்டிலில் கொட்டிக் குலுக்கிவிட்டேன். அது சங்கரன்கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண், மைனி. பிள்ளைக்குச் சொறி வந்தபோது நேர்ந்து வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தது. வீட்டு மண் கொண்டு வா என்றேன், வீட்டிலேயே உசத்தியான மண்ணை எடுத்து வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகிற நமக்கு அது எங்கே தெரிகிறது?

மறுநாள் காலையில் அவள் அம்மா முப்பிடாதி வகுப்பு வாசலில் நின்றாள். "சாமி மண்ணத் தண்ணில போட்டுக் குலுக்கிட்டியளே டீச்சர். நாங்க நெத்தியில வைக்கிறது அது." கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தலைமையாசிரியர் பயந்துவிட்டார். "நீங்க வேற கோயில், அவங்க வேற கோயில். நாளைக்கு ஊரே வந்து நிக்கும். மண்ணுப் பாடத்த ஸ்மார்ட் போர்டுல படமாக் காட்டுங்க, போதும். சனிக்கிழமைக்குள்ள அந்த அலமாரி காலியாகணும்." பிள்ளைகள் சட்டை அழுக்காகிறது என்று இதுவரை வந்த புகாரையெல்லாம் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் இருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சார் முன்னால் போய் நின்றிருப்பீர்கள். என்னை ஏன் தனியாக விட்டுப் போனீர்கள்? உங்களை ரொம்பத் தேடுகிறது மைனி.

ஆனால் படத்தில் மண் எப்படிப் பிசுபிசுக்கும், எப்படி மணக்கும்? விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலமே பாட்டிலைத் துண்டில் சுற்றி, குலுங்காமல் பிடித்துக்கொண்டு முப்பிடாதி வீட்டுக்குப் போனேன்.

அவள் உள்ளே கூப்பிடவில்லை. பாட்டிலை வாசல்படியில் வைத்தேன். "தெரியாமச் செஞ்சிட்டேன்மா. ஒரு சொட்டு கீழ சிந்தல. இத எங்க ஊத்தணும்னு நீங்கதான் சொல்லணும்."

முப்பிடாதி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மத்த பிள்ளைய பாட்டிலு எல்லாம் தெளிஞ்சிட்டுன்னு இவ சொல்லுதா. இது மட்டும் ஏன் இன்னும் கலங்கிக் கெடக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் இசக்கி சொன்னாள். "கரையான் மாவு மண்ணாப் பாத்துக் கொண்டாருதும்மா. மாவு மெதுவாத்தான் எறங்கும்."

"ஏட்டி, இத யாரு ஒனக்குச் சொல்லித் தந்தா? டீச்சரா?"

"டீச்சர் ஒண்ணும் சொல்லல. வேலியோரத்துப் புத்த நானாத் தொட்டுப் பாத்தேன்."

முப்பிடாதி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் உள்ளே கூப்பிட்டாள். பாட்டிலைத் தன் கையாலேயே துளசிச் செடிக்கு ஊற்றினாள். "சாமி மண்ண இனிமே தொடாதீங்க டீச்சர். மத்த மண்ண என்னமும் செய்யுங்க." அது நியாயம்தான், ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாரிடம் போனேன். "இனிமே எந்த மண்ணா இருந்தாலும் வீட்டுல கேட்டுட்டுத்தான் பாட்டில்ல போடுவேன் சார். அலமாரிய மட்டும் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா என்னையும் வகுப்ப விட்டு எடுத்துருங்க." "ஒங்க மைனி மாதிரியே பேசுதீய" என்று எரிச்சலாகச் சொன்னார். எனக்கு அது போதும். அலமாரி இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு பூட்டாவது போடுங்கள் என்றார். நான் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவந்து, பிள்ளைகள் கைக்கு எட்டட்டும் என்று கதவுகளையே கழற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை மகளோடு முப்பிடாதியும் வந்தாள், கையில் சிரட்டை. "எங்க தொழுவத்து மண்ணு. இது எப்பம் தெளியும்னு பாத்துச் சொல்லுங்க." நீங்களே இருந்து பாருங்களேன் என்றேன். சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பாட்டிலைக் குலுக்கி வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளைப் போலவே சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று சொன்னவள், மத்தியான மணி அடித்த பிறகுதான் எழுந்தாள்.

நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை, நகத்துக்குள் மண் ஏறாமல் ஒரு பிள்ளையும் இரண்டாம் வகுப்பைத் தாண்டாது. இது சத்தியம், மைனி.

இனி உங்களோடு சண்டை போட வழியில்லாத
உங்கள் நாத்தனார்,
கிரேஸ்