கரடியின் கைக்குள்

என் கண்ணே,

எங்கள் மூவருக்கும் ஐம்பது வயதானதைக் கொண்டாட, என் தோழிகள் நெனிட்டா, பிலாரோடு லகூனாவிலுள்ள இந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்திருக்கிறேன். மூவருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. இங்கேதான் வரவேண்டும் என்று அடம்பிடித்தது நான். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

நீ இங்கே பொம்மை வேஷம் போடுவதாக உன் மாமா மகன் சொன்னான். எந்த வேஷம் என்று அவனுக்கும் தெரியவில்லை. முயலையும் குரங்கையும் கட்டிப்பிடித்தாயிற்று. கரடியிடம் மட்டும் நாலு முறை போய்விட்டேன்.

"ஏண்டி, ராட்டினத்துக்குப் பயந்துட்டு கரடியை லவ் பண்றியா?" என்று நெனிட்டா கத்தினாள்.

"விடுடி, இவ புருஷனுக்கு அது எவ்வளவோ தேவலாம்" என்றாள் பிலார்.

நானும் சிரித்தேன்.

கரடியின் காதில் உன் செல்லப் பெயரைச் சொன்னேன். அது என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. எல்லோரையும் அப்படித்தான் தட்டுமோ என்னவோ.

மாலையில் எங்கள் பேருந்து கிளம்பிவிடும். அதற்குள் இந்தக் கடிதத்தை அந்தக் கரடியின் கைக்குள் திணித்துவிடுவேன். உள்ளே இருப்பது வேறு பிள்ளை என்றால், புருவத்தில் தழும்புள்ள பெண்ணிடம் இதைக் கொடுத்துவிடம்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அப்பா கடலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஒருமுறை கூப்பிடு.

வேஷத்துக்குள் இருப்பவர்கள் வாய் திறந்தால் வேலை போய்விடுமாமே. நீ என்னோடு பேசாததற்கு அதுதான் காரணம் என்று, ஊர் போய்ச் சேரும்வரையாவது நம்பிக்கொள்கிறேன்.

அம்மா