பலமான ஆக்சில்

அன்பு முஹ்ஸினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு முட்டுவலி குறைஞ்சிருக்கா? நீ நேரத்துக்குச் சாப்பிடுதியா? நான் நல்லா இருக்கேன்.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. ஆளுவ தங்கி வேலை பாக்குற கேம்ப்புகளுக்கு நான் தண்ணி கொண்டுபோற பிக்கப், போன வாரம் நடுப் பாலைவனத்துல உக்காந்துட்டு. பின் ஆக்சில் வளைஞ்சு போச்சு. பாவூர்சத்திரத்துல தக்காளி லோடு ஏத்த டெம்போ ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போடுவோம்லா, இங்கனயும் அதையே செஞ்சு ரெண்டு மடங்கு தண்ணி ஏத்திட்டேன். பட்டை தாங்கிச்சு, ஆக்சில் தாங்கல. ஆள் வார வரைக்கும் நிழலுக்கு வண்டிக்கு அடியிலதான் கிடந்தேன். குடிக்கத் தண்ணிக்கா பஞ்சம்!

"பழைய மாதிரியே போடவா, பெரிய வண்டி ஆக்சில் போடவா?"ன்னு முதலாளி என்கிட்டயே கேட்டாரு. இன்னொரு தடவை அப்படிக் கிடக்க என்னால முடியாது. பெருசையே கேட்டு வாங்கி மாட்டிட்டேன்.

கூட வேலை பாக்குற செங்கோட்டை நாசர் லீவுல ஊருக்கு வாறான், அவன்கிட்டதான் இதைக் குடுத்தனுப்புதேன். அவன் திரும்பும்போது கொஞ்சம் கருப்பட்டியும் ஒரு மெமரி கார்டும் குடுத்துவிடு. குற்றாலம் போனா ஐந்தருவிச் சத்தத்தை அதுல பதிஞ்சிரு. மிச்ச இடம் பூரா நீ பேசு.

ஏன்னு கேப்பே. இனி இந்த வண்டி எவ்வளவு தூரமும் தாங்கும்னு, என்னைக் கடைசி கேம்ப்புக்கு மாத்திட்டாவ. அங்கன போன் எடுக்காது. ஏன் பெரிய ஆக்சிலைக் கேட்டு வாங்குனேன்னு திட்டணும்னா, அதையும் கார்டுலயே திட்டிரு.

நாசர் கிளம்பிட்டான்.

உன் மசூது