தேத்தண்ணி ஆறுகிற தூரம்

என் செல்லத் தம்பிக்கு,

பெரியக்கா விமானம் ஏறிவிட்டாள். நம்புகிறாயா?

ஊரைவிட்டு வந்த அன்று விமானம் ஆடின ஆட்டத்தில், இனிச் செத்தாலும் ஏறமாட்டேன் என்று ஒஸ்லோவிலேயே இருந்துவிட்ட மனிசி. நீதான் கோப்பன்ஹேகனில் இருந்து வருஷாவருஷம் அவளிடம் போய்வந்தாய். உனக்குச் சிறுநீரகம் பழுதாகி, பயணம் ஏலாமல் போன பிறகுதான் அவளைக் கூப்பிட்டாய். ஃபோனில் அப்போது மூன்று பேரும் இருந்தோம்.

"இந்த முறை நீ வா அக்கா. ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். தேத்தண்ணி ஆற முந்தி வந்திருவாய்."

"பனி முடியட்டும்டா. கப்பல்ல வாறன்."

"ஓம், நீ கப்பல்ல வா. சின்னக்கா கனடாவில இருந்து நடந்து வரட்டும்" என்று சொல்லிச் சிரித்தாய்.

பனி முடியவில்லை, தம்பி. அதற்குள் நீ போய்விட்டாய்.

எனக்குக் காலில் இரத்தக்கட்டி. டொக்டர் விமானம் ஏறவே கூடாது என்றுவிட்டார். அங்கே புயல் காற்றுக்குக் கப்பலும் நின்றுவிட்டது. மறுநாள் உன்னைத் தகனம் செய்யப்போகிறார்கள். வாய்க்கரிசி போட உடன்பிறந்த கை ஒன்றாவது வேண்டாமா?

"அக்கா, நான் ஏலாதவள். எனக்கும் சேர்த்து நீதான் போடவேணும்" என்றேன்.

அவள் மெல்லக் கேட்டாள்: "அரிசி அங்க இருக்குமா, நான் கொண்டு போகவா?"

கொண்டுதான் போனாள். லேஞ்சித் துணியில் முடிந்து, வழி முழுக்கக் கைக்குள் பொத்திக்கொண்டு.

நான் இங்கே கனடாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட ரெக்ஸ்டேலில் தனியே இருந்தேன். எங்கள் வீட்டுக்கு மேலால் விமானங்கள் இரைந்துகொண்டு இறங்கும், உனக்குத் தெரியும்தானே. நீ கதைக்கும்போது "என்னக்கா, உன்ர வீட்டுக் கூரையிலயா இறக்கிறாங்கள்?" என்று கேட்பாய். அக்கா அதில் இல்லை என்று தெரிந்தும், அன்று ஒவ்வொன்றையும் ஜன்னலில் நின்று பார்த்தேன். எல்லாம் யார் யாரோ வந்து இறங்குகிற விமானங்கள். எனக்கென்று ஒருவரும் இல்லை.

ஃபோன் அடித்தது.

"இறங்கிட்டன் புள்ள. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு இருந்தன். பக்கத்துப் பொம்பிளை தட்டி எழுப்புறாள், வந்திட்டுதாம்."

பிறகு அவளுடைய குரல் உடைந்துபோயிற்று.

"இவ்வளவுதானாடி தூரம்? இவ்வளவுதானா?"

நீ இருந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

உன் வாயில் அரிசியை இரண்டு தரம் போட்டாளாம். முதல் பிடி தனக்கு. மற்றப் பிடி போடும்போது, "இது சின்னக்காட" என்று உன் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னாளாம். கேட்டதா, தம்பி?

ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கமாகக் கதைக்கிற நேரத்துக்கு இப்போதும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு ஃபோனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். குடிக்க மனம் வருவதில்லை. அது ஆறிப்போகும்.

கால் சுகப்படட்டும். டொக்டர் விட்டதும் முதலில் ஒஸ்லோவுக்குப் போவேன். அங்கிருந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னத் தூரத்தை நானும் வருவேன். ஜன்னல் பக்கம் அவளை இருத்தி, கண்ணை மூட விடாமல் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

கனடாவில் இருந்து இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கும்,
உன் சின்னக்கா