செம்மேடு என்றொரு விண்கலம்

என் மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய டாக்டருக்கு,

முதலில் ஒரு திருத்தம். மாட்டு டாக்டரம்மா புருஷன் போனதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் அவருடைய ஆவியோடு பேசுகிறார் என்று செம்மேடு முழுக்கப் பேச்சாக இருக்கிறது. இது தவறு. நான் கதவைச் சாத்துவதில்லை. ஆவிகளோடு பேசுவதும் இல்லை. நான் பேசுவது உயிரோடு இருப்பவர்களிடம். அவர்கள் விண்கலம் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி மட்டும் நேரில் வந்து கேட்டாள். அந்த நேர்மைக்காக அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்கம்மா, டாக்டரய்யாகூடப் பேசறீங்களாமா? நெசமுங்களா?"

"இல்லை, பாப்பாத்தி."

"பேசுனீங்கன்னா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. என்ற செவலைப் பசு சினையா இல்லியான்னு புதுசா வந்த டாக்டருக்குத் தெரியலீங்க. அய்யான்னா தொட்டுப் பார்த்தே சொல்லிப்போடுவாரு."

சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். ஜெர்மனியில் நம் மகன் அருள் அப்போதுதான் காலைக் காப்பியோடு உட்காருவான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடும் அந்த விண்வெளி விளையாட்டில் அப்பாவும் பிள்ளையும் பாறைகளைத் தோண்டிக்கொண்டு, ஏதேதோ பேசிக்கொண்டு இருப்பீர்கள். எழுபது வயதில் இதென்ன பிள்ளை விளையாட்டு என்பேன். "நீயும் வா சரோ, உனக்கும் ஒரு ஆள் உருவாக்கி எங்கள் கூட்டத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்பீர்கள். நான் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

காரியம் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பிய அருள் அந்த விளையாட்டுக்குள் போகவே இல்லை. தொலைபேசியில் என் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்பான், அங்கே விழும் பனியைப் பற்றிச் சொல்வான். உங்கள் பெயரை எடுத்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவான். ஒரே ஒருமுறை, நானாகக் கேட்டபோது சொன்னான்: "அங்க போனா அப்பா இல்லைங்கறது தெரியும்மா. போகாம இருந்தா, அவரு அங்க ஏதோ தோண்டிக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்குது." வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னான். நீங்கள் இருவரும் கட்டிய நிலையத்தில் எரிபொருள் தீர்ந்தால் அதைக் காக்கும் கவசம் அணைந்துவிடும், பிறகு யார் வேண்டுமானாலும் உடைத்துக்கொண்டு போவார்கள். "போனாப் போகட்டும்மா."

என் வீட்டு ஆண்கள் கட்டிய ஒன்று, போனால் போகட்டும் என்று போகக் கூடாது. அடுத்த நாளே உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டர், நீங்கள் ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை? சொன்னீர்கள், எனக்குத்தான் காதில் விழவில்லை போலிருக்கிறது. என் சிறு கலம் துறைமுகத்தின் வாயிலைத் தாண்டி வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் புறப்பட்ட இடம் நம் மலையளவு பெரிதாக நின்றது. அதற்குப் பின்னால் வளையம் சூழ்ந்த ஒரு கோள். அதற்கும் பின்னால், எண்ணி முடியாத சூரியன்கள், ஒவ்வொன்றுக்கும் போக வழி இருக்கிறதாம். மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கான்வென்ட் தேவாலயத்தில் முதல் முறையாக நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்த சிறுமியாக அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பொது அரட்டையில் முறையாகக் கேட்டேன். யாரோ பதில் எழுதினார்கள்: "எது வேண்டுமானாலும்."

கான்வென்ட் விடுதியில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு வளர்ந்தவள் நான். இப்படி ஒரு விடையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. இங்கே கதை என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. சந்தையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் யாரோ ஓர் ஆள் செய்திருக்கிறார். ஒவ்வொரு போரும் யாரோ இருவருக்கு இடையே வந்த மனத்தாங்கலில் தொடங்கியது. சட்டம், பகை, நட்பு எல்லாம் வந்தவர்களே உண்டாக்கிக்கொண்டவை. நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் போனேன். சாயங்காலம் பால்காரர் குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தேன்.

பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன்: நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள்? ஒருவர் காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது வந்தாராம். ஒருத்தி, இதற்குள் நடந்த ஒரு பெரும்போரைப் பற்றிச் செய்தியில் படித்துவிட்டு, விளையாட்டில் போர் என்றால் செய்தியில் ஏன் வருகிறது என்று பார்க்க வந்தாளாம். இன்னொருவர் பலமுறை விட்டுவிட்டுப் போய்த் திரும்பியவர். ஏன் திரும்பினீர்கள் என்றேன். "யாரோ என்னைத் தேடினார்கள், மேடம்" என்று எழுதினார். நீங்கள் எனக்கு வைத்த பெயர் அதுதானே, 'மேடம் சரோ'. எல்லோரும் மேடம் என்றே அழைக்கிறார்கள். நான் அவர்களுடைய எழுத்துப் பிழையைத் திருத்துவதாலும் இருக்கலாம்.

பிறகு ஒரு பிசகு நடந்தது. நம் நிலையத்துக்கு வெளியே ஒரு கலம் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பெயர் 'கரும்பருந்து' என்று திரையில் வந்தது, பக்கத்தில் அவன் நாட்டுக் கொடியும். நம் மலையில் வாசலுக்கு வந்தவரை எதற்கு வந்தாய் என்று கேட்பதற்கு முன் உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீராவது கொடுப்போம். நானும் அப்படியே செய்தேன். உள்ளே வர அனுமதியைத் திறந்துவிட்டேன். அவன் வந்தான், சேமித்து வைத்திருந்த எரிபொருளை முழுக்க அள்ளிக்கொண்டு ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டான்.

பாப்பாத்தியிடம்தான் சொல்லி ஆற்றிக்கொண்டேன். அவள் என் பக்கம்.

"வாசல்ல நிக்கறவன உள்ள வான்னு சொல்லாம, போடான்னா சொல்லுவீங்க? நீங்க பண்ணுனது செரிதானுங்கம்மா. ஆனா அவன் ஊடு எங்கீங்க? ரெண்டு பேரும் போயி நாலு கேள்வி கேட்டுப்போட்டு வரலாம்."

"போலந்து."

"பஸ்சு இருக்குதுங்களா?"

இல்லை என்பதால் கடிதம் எழுதினேன். விளையாட்டுக்குள் அஞ்சல் உண்டு. எல்லோரும் அதில் அரை வரி எழுதுவார்கள். நான் முறையாக எழுதினேன். ஐயா, நீங்கள் விருந்தினராக உள்ளே வந்தீர்கள். சொல்லிக்கொள்ளாமல் போனது நாகரிகம் அன்று. நீங்கள் எடுத்துப்போன எரிபொருள் என் கணவரும் மகனும் சேர்த்தது. என் மகன் திரும்பி வரும்வரை இந்த நிலையத்தைக் காப்பது என் பொறுப்பு. கவசம் இன்னும் சில நாள்கள்தாம் தாங்கும். இப்படிக்கு, இங்கே 'டாக்' என்று அறியப்பட்டவரின் மனைவி.

பதில் உடனே வந்தது. "டாக்கைக் கொஞ்ச நாளாகக் காணோமே. எங்கே?"

நீங்கள் காலமான செய்தியை எழுதினேன். அவன் எழுதினான்: "அது அவர் வீடு என்று எனக்குத் தெரியாது, மேடம்."

மறுநாள் மத்தியானம் நான் உட்கார்ந்தபோது திரையின் ஓரத்தில் கலங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்கின. யாராவது அருகில் வந்தால் அங்கே அவர்கள் கலத்தின் பெயர் தெரியும். ஆங்கில எழுத்தில் 'அரியூர்' என்று ஒன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். 'வாழவந்தி'. 'சேளூர்'. 'குண்டூர்'. மறுபடியும் ஒரு 'அரியூர்'. எல்லாவற்றுக்கும் முன்னால், எரிபொருளைச் சுமந்தபடி, கரும்பருந்தின் 'செம்மேடு'.

டாக்டர், என் உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. மாட்டுக்கு ஊசி போட நீங்கள் நடந்த ஊரெல்லாம் சூரியன்களுக்கு நடுவே மிதந்து வந்துகொண்டிருந்தன.

அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதிதாக வருபவர்கள் கரையேறும் நிலையத்தில் போய் நின்றுகொண்டு, வழி தெரியாமல் சுற்றுகிறவனிடம் "முதல் நாளா? வா, ஒரு கலம் தருகிறேன்" என்பீர்களாம். கலத்துக்கு நம் மலையில் ஓர் ஊரின் பெயரை வைத்துக் கொடுத்து, "இதை விற்காதே, இது நல்லவர்கள் இருக்கும் ஊர்" என்பீர்களாம். அன்றே விட்டுவிட்டுப் போயிருப்போம் மேடம், அந்தக் கலத்தால்தான் இருந்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். இன்று அவர்களிடம் மாபெரும் கலங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு குண்டுக்குத் தாங்காத அந்தச் சின்னக் கலங்களை எடுத்துக்கொண்டு, கொள்ளையர் திரியும் வழியைத் தாண்டி வந்திருந்தார்கள்.

பிரேசிலில் செவிலியாக இருக்கும் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், வாழவந்தி எப்படி இருக்கும்?"

பச்சையாக இருக்கும், மரவள்ளி விளையும், பேருந்து தாமதமாக வரும் என்றேன். "எங்கள் ஊரும் அப்படித்தான்" என்றாள்.

உங்களோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் நீங்கள் செய்துகொண்டிருந்தபோது நான் இந்தப் பக்கம் பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேனா? இன்னும் எத்தனை பேர் எந்தெந்த ஊரை ஓட்டிக்கொண்டு எங்கெங்கே இருக்கிறார்கள்? சொல்ல ஆளில்லை.

எரிபொருள் நிறைந்துவிட்டது. கவசம் அணையாமல் எரிகிறது. வந்தவர்கள் முறைவைத்துக் காவல் நிற்கிறார்கள். நம் மலையில் ஒருவர் வயற்காட்டில் எல்லோரும் சேர்ந்து களையெடுத்துவிட்டு அடுத்தவர் காட்டுக்குப் போவதுபோல, அவர்கள் நிலையங்களைக் காக்க நானும் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். போகிறேன்.

இனி நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அருள் வரும்வரை அந்த நிலையத்தை அணையவிடமாட்டேன். புதியவர்கள் கரையேறும் இடத்தில் நீங்கள் நின்ற இடத்தில் போய் நிற்பேன். உங்களைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில் வரவேற்பேன்.

என்றும் உங்கள் மனைவி,
சரோஜினி

பி.கு. அருளிடம் உங்கள் பெயரைத் தொலைபேசியில் எடுக்க முடியாததால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இந்தப் பத்திரிகையை அவன் ஜெர்மனியில் இருந்தும் விடாமல் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அருள், அப்பா அங்கே இல்லை. நீ பயந்தது சரிதான். போனால் அது தெரியும். ஆனால் அவர் அழைத்து வந்தவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள், உன்னை விசாரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் இருப்பேன். நீ வருவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். எழுதி அனுப்பு.