கம்பிக்கு வெளியே சிவப்புக் கமுகு

12 நவம்பர் 1951, திங்கள்
விடியலிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை, அப்பா வீட்டில். அப்பாவை வேலை வாங்கும் மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: முள்கம்பி வேலியை ஒட்டி வெளியே நிற்கும் மரம், செடி எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை வெட்டப் போகிறார்களாம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் வந்து ஒளிய மறைவு இருக்கக் கூடாதாம். அப்படியென்றால் எங்கள் பழைய லயத்து வாசலில் நிற்கும் சிவப்புக் கமுகும் போகும். நாங்கள் வேலிக்குள் குடிவந்த பிறகும் பள்ளி விட்டதும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். குங்குமச் சிவப்பில் தண்டு. கிறிஸ்துமஸுக்கு ஜெபக்கூடம் சோடிப்பது அதன் ஓலையில்தான்.

அம்மா: "வெத்தலைக்குப் பாக்கும் இல்ல, கூரைக்குக் கீத்தும் இல்ல. அதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" சொல்லிக்கொண்டே எனக்குப் பின்னல் போட்டாள்.

13, செவ்வாய்
கட்டுரைக்கு 'நன்று'. கணக்கு பற்றி எழுதப் போவதில்லை.
கமுகுக்குக் கடைசியாக ஒரு டின் கழுநீர் கொண்டுபோனேன். கேட்டில் மணியம் அண்ணன் காவல். போன வருடம் அப்பாவோடு பால்மரம் சீவியவர், இப்போது தோளில் துப்பாக்கி. டின்னை முகர்ந்தார்.
"என்னா இது?"
"அரிசி களைஞ்ச தண்ணிண்ணே. மரத்துக்கு."
"மரத்துக்கா, காட்டுல இருக்கிறவனுக்கா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் கொட்டிவிட்டார். "அரிசி வாசம் அடிச்சாலே வெளிய விடக் கூடாது. ஆர்டர்லா, தங்கச்சி."
எல்லோரும் பார்த்தார்கள். வெட்கம்.

14, புதன்
அப்பா வேலை முடிந்து வரும்போது கமுகின் பக்கக் கன்று ஒன்றை வேரோடு சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் கேட்கவே இல்லை.
மணியம் அண்ணன் (இனி ம.அ.) கேட்டில்: "என்னா மாமா, பொண்ணு அழைச்சிட்டு வரீங்களா?"
வேலிக்குள் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் மண்ணை மேடாக்கி நட்டோம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று நான்தான் சொன்னேன். புத்தகத்தில் படித்தது.

16, வெள்ளி
வெட்டிவிட்டார்கள். கம்பி வழியாகப் பார்த்தேன். அடிக்கட்டை நிற்பது சாக்கடைச் சேற்றில். இத்தனை வருடம் பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. ஈரத்திலேயே நின்று வளர்ந்த மரம். அதன் பிள்ளையை நான் மேட்டில் ஏற்றிக் காயப்போட்டிருக்கிறேன். கன்றின் ஓலை எல்லாம் சுருண்டு கிடக்கிறது. ஜெபத்தில் அதையும் சேர்த்தேன்.

17, சனி
அம்மாவிடம் சொன்னேன். எப்போதும் சேறாக இருப்பது பைப்படி ஓரம்தான், கன்றை அங்கே மாற்றி நடலாம் என்று.
"ஊரே குளிக்கிற எடத்துலயா? அழகுதான் போ."
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் அவளே.

2 டிசம்பர், ஞாயிறு
நல்ல வெயில். ஜெபம் முடிந்து நேராகப் பைப்படிக்கு. பழைய ஓலைகள் காய்ந்துவிட்டன. நடுவில் ஒரு குருத்து, பென்சில் போல. மெல்ல இழுத்துப் பார்த்தேன், கையோடு வரவில்லை.
ம.அ. முகம் கழுவிவிட்டு, வாளியில் மீந்ததை அதன் அடியில் ஊற்றினார். "என்னா பாக்குற? உள்ள இருக்கிற மரத்துக்கு ஆர்டர் இல்ல."
வீட்டுக்கு ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரைக் கொட்டாதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சட்டியைத் தூக்கிக்கொண்டு பைப்படிப் பக்கம் நடந்துவிட்டாள்.